ஏழாவது கூடைக்கு முன்னால் நிற்கும் பீச் மரம்: வெட்டச் சொல்லலாமா?

ஏப்ரல் 6 – வந்த கேள்வி

"ஒயின் தோட்டத்துக் காட்டில் இருக்கும் டிஸ்க் கால்ஃப் திடலில் (தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் போடும் விளையாட்டு, குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயிப்பார்) நேற்று விளையாடினேன். ஏழாவது கூடை. நான் சுத்தமாகத்தான் எறிந்தேன். தட்டு பீச் மரத்தை லேசாக உரசி, வலப்பக்கச் சரிவில் உருண்டு போய்விட்டது. கூட வந்தவர் கோணலாக விட்டார். அது ஓக் மரத்தில் மோதி உள்ளே திரும்பி, பாதையின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. அவருக்கு மூன்று வீச்சு, எனக்கு ஐந்து. இதில் திறமை எங்கே இருக்கிறது? காட்டுத் திடல் என்றாலே குருட்டு அதிர்ஷ்டம்தான். எல்லோரும் சேர்ந்து தோட்டத்து வீட்டாரிடம் பேசி அந்த பீச்சை வெட்டச் சொல்லலாமா?"

ஏப்ரல் 6, இரவு

வெட்டச் சொல்லக் கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

அந்தக் காட்டில் ஆறு வருடமாக எறிகிறேன். டீ, அதாவது நின்று எறியும் மேடை, போட்ட நாட்களில் மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஏழாவது கூடையை அந்தப் பக்கம் கொண்டுபோனதே இந்த இரண்டு மரங்களுக்காகத்தான். இடப்பக்கம் பீச் (பழம் தரும் பீச் இல்லை, beech என்ற காட்டு மரம்), வலப்பக்கம் ஓக், நடுவில் ஒரு வாசல். டீயிலிருந்து பதினைந்து எட்டு இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் கூடை வரைக்கும் பெரிய தடை எதுவும் கிடையாது.

"சுத்தமாக எறிந்தேன்" என்கிறீர்கள். மரத்தை உரசிய வீச்சைச் சுத்தமான வீச்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நண்பரே. திறந்த வெளியில் கொஞ்சம் திசை தப்பினால் யாருக்கும் தெரியாது. புல்லில் விழும், நடந்து போய் எடுத்துக்கொள்வோம். காட்டில் அதே தப்பு பதினைந்தாவது எட்டிலேயே சத்தம் போட்டுத் தெரிந்துவிடுகிறது.

ஏப்ரல் 7

இன்று டேப்போடு போய் அளந்தேன். பதினைந்து எட்டு என்று எழுதியது தப்பு. டீயின் முன்விளிம்பிலிருந்து வாசல் வரை 9 மீட்டர்தான். இரண்டு மரங்களுக்கும் நடுவில் 1.8 மீட்டர்.

தட்டின் குறுக்களவு 21 சென்டிமீட்டர். அதைக் கழித்தால் தட்டின் நடுப்புள்ளிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 1.6 மீட்டர், அதாவது நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் 80 சென்டிமீட்டர். 9 மீட்டர் தூரத்தில் 80 சென்டிமீட்டர் என்றால் 5 டிகிரி.

இப்போது அந்த 5 டிகிரியைக் கூடை வரைக்கும் நீட்டிப் பாருங்கள். கூடை 82 மீட்டரில் இருக்கிறது. அங்கே 5 டிகிரி என்பது 7 மீட்டர் சொச்சம். விதிப்புத்தகத்தில் கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டம் இருக்கிறதே, அதற்குள்ளேயே அடங்குகிறது. கூடைக்குப் பக்கத்தில் போய்ச் சேரவேண்டிய திசையில் கிளம்பிய வீச்சு எல்லாம் வாசலுக்குள் நுழையும். நுழையாதவை எப்படியும் கூடைக்குப் போயிருக்காது. இதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 8

தட்டு நேர்கோட்டில் போகாதே, வளையுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தட்டின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, திரும்பல், சாய்வு. வலக்கை பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) எறிந்தால், வேகம் இருக்கும்போது வலப்பக்கம் திரும்புவது மூன்றாவது எண். வேகம் குறைந்து கடைசியில் இடப்பக்கம் சாய்வது நான்காவது. முதல் 9 மீட்டரில் இந்த இரண்டும் வேலையே காட்டாது, தட்டு கையை விட்ட திசையில்தான் போகும். அதனால் வாசல் வரைக்கும் என் கணக்கு நிற்கும். வாசலுக்கு அப்புறம் சாய்வு வரும். ஏழாவது கூடை நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் இருப்பதால் அந்தச் சாய்வும் நமக்கு உதவிதான்.

ஏப்ரல் 13

காட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தூரம் போகும் வேகமான தட்டான டிரைவரைப் பையிலேயே வையுங்கள். பட்டர் (கூடைக்குப் பக்கத்தில் எறியும் மெதுவான தட்டு) ஒன்று, மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூரத் தட்டு) ஒன்று போதும்.

வேகமான தட்டு, நாம் செய்யும் சின்னத் தப்பையும் தூக்கிக்கொண்டு தூரம் போகும். பட்டர் நிதானமாகப் போகும், நேராகப் போகும், மரத்தில் பட்டாலும் அடியிலேயே விழும். எண்பது மீட்டர் பட்டரால் போகுமா என்று சிலர் கேட்பார்கள். 2021 உலகச் சாம்பியன்ஷிப்பில், யூட்டாவின் ஆக்டனில், கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் ஏறத்தாழ 75 மீட்டரிலிருந்து நேராகச் சங்கிலிக்குள் எறிந்தாரே, அது பட்டர்தான். அந்த ஒரு வீச்சால் பால் மெக்பெத்தோடு சமன் ஆகி, பிளே ஆஃபில் ஜெயித்தார். இங்கே நாம் கேட்பது அவ்வளவு பெரிய காரியமும் இல்லை.

எறியும்போது மரத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு மரத்துக்கும் நடுவில் தூரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழாவதில் நான் பிடித்துவைத்திருப்பது கூடைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாறையின் வெள்ளைப் பட்டை. மரத்தைப் பார்த்துக்கொண்டு எறிந்தால் கை மரத்துக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கும்.

ஏப்ரல் 27

இன்று எறியவே இல்லை. தோட்டத்துப் பாட்டியோடு காட்டைச் சுற்றி வந்தேன். எண்பது வயதைத் தாண்டியவர், கைத்தடி ஊன்றிக்கொண்டு என்னைவிட வேகமாக நடக்கிறார். அவரிடம் ரொம்ப நாள் மனதில் இருந்ததைக் கேட்டேன். மேலே சரிவு முழுக்கத் திராட்சை. கீழே இவ்வளவு நல்ல நிலத்தை எதற்குக் காடாகவே விட்டுவைத்தீர்கள்?

குளிர் என்றார்.

இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குமாம். வசந்தத்தில் திராட்சை துளிர் விடும் நேரத்தில் ஒரே ஒரு உறைபனி இரவு வந்தால் போதும். மேல்சரிவில் துளிர் பிழைத்துவிடும், பள்ளத்தில் கருகிவிடும். அவருடைய மாமனார் கீழே இரண்டு வரிசை வைத்துப் பார்த்து, இரண்டு வசந்தத்திலும் இழந்து, மூன்றாவது வருடம் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து பள்ளம் மரங்களுக்கு.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதிது. காடு அடர்ந்து அணை மாதிரி நின்றாலும் ஆபத்தாம். வழிந்து வரும் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் பின்னுக்குத் தேங்கி, மேல்சரிவின் கீழ்வரிசைகள் வரைக்கும் ஏறிவிடும். அதனால் புதரை வெட்டி, காற்று இறங்கிப் போக ஒரு நீண்ட வாய்க்கால் மாதிரி திறந்து விட்டிருக்கிறார்கள். நாம் ஐந்தாவது கூடைக்கு எறியும் பாதை அதுதான்! ஆறு வருடமாக அந்தப் பாதையை நம் விளையாட்டுக்காக வெட்டினார்கள் என்றே நினைத்திருந்தேன். காலையில் முதல் ஆளாகப் போகும்போது ஐந்தாவது டீயில் மட்டும் கணுக்காலில் ஜில்லென்று ஏறுமே, அது இதனால்தான்.

மே 4

பதினோராவது கூடையின் வலப்பக்கம் திராட்சை வரிசை தொடங்கும் இடத்தில் ஓபி கோடு (அதைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே) ஏன் அவ்வளவு கண்டிப்பு, தட்டு கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாமே என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

எடுக்கக் கூடாது. வீட்டாரைக் கூப்பிட்டால் அவர்களே எடுத்துத் தருவார்கள். நான் இரண்டு முறை கேட்டு வாங்கியிருக்கிறேன், முகம் சுளித்ததே இல்லை.

பூஞ்சைக்கு மருந்து அடித்தால் இத்தனை மணி நேரத்துக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. என்றைக்கு அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அது ஒன்று. அதைவிடப் பெரியது நம் ஷூவில் ஒட்டிக்கொண்டு வரும் மண். பிலாக்சரா என்று ஒரு பூச்சி, பேனைவிடச் சின்னதாகத்தான் இருக்கும், திராட்சை வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பெரிய அளவில் அழித்தது. கடைசியில், அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அந்தப் பூச்சி இன்றைக்கும் மண்ணோடு சேர்ந்து ஷூவிலும் கருவிகளிலும் ஊர் மாறுகிறது. தோட்டத்து நுழைவாயிலில் தூரிகையும் தாம்பாளத்தில் மருந்துத் தண்ணீரும் வைத்திருப்பது அதற்குத்தான். வேறு தோட்டத்துக்குப் போய்விட்டு நேராக இங்கே வருபவர்கள் தயவுசெய்து அந்த ஒரு நிமிடத்தைச் செலவழியுங்கள்.

மே 18

கணக்குப் போட்டுப் பேசினால் போதாது என்று தோன்றியது. எறிந்தே பார்த்துவிட்டோம்.

நான் 50 வீச்சு. என் நண்பர் 50 வீச்சு. அவர் இடக்கைக்காரர், முழங்கை வலியால் ஃபோர்ஹேண்ட் (பக்கவாட்டிலிருந்து வீசுவது, அதில் தட்டு எதிர்ப்பக்கம் சாயும்) எறிய மாட்டார். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தோம்.

என்னுடையதில் 34 வாசலைத் தாண்டின. அதில் 21 வட்டத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோ விழுந்தன. மரத்தில் பட்ட 16-இல் 9 பாதையிலேயே கிடந்தன, 7 சரிவுக்குப் போய்விட்டன. ஆக, கேள்வி கேட்ட நண்பர் ஒரு விஷயத்தில் சரி. மரத்தில் பட்டதற்கு நாம்தான் காரணம், ஆனால் பட்டபிறகு எங்கே போகும் என்பதில் அதிர்ஷ்டம் இருக்கிறது. அதை நான் போன மாதம் ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அவருடையது என்னை உலுக்கிவிட்டது. வாசலைத் தாண்டியவை 31. என்னுடையதற்குக் கிட்டத்தட்ட சமம். கூடைக்குப் பக்கத்தில் போனவை வெறும் 5. அவர் கையிலிருந்து கிளம்பும் தட்டு கடைசியில் வலப்பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் சரிவு. அதைச் சரிக்கட்ட இடப்பக்கமாக எறியலாம் என்றால் அங்கே பீச் நிற்கிறது. ஏப்ரல் 8-இல் "சாய்வு நமக்கு உதவி" என்று எழுதினேனே, அந்த "நமக்கு" என்பது வலக்கைக்காரர்களுக்கு மட்டும்தான். ஆறு வருடமாக அவர் என்னோடு விளையாடுகிறார், ஒரு நாளும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வாசல் குறுகலாக இருப்பது தப்பில்லை. ஒரே ஒரு வழி, அதுவும் ஒரு கைக்கு மட்டும் என்று இருப்பது தப்பு. டீ போட்டவர்களில் நானும் இருந்தேன் என்பதால் இது என் தப்பும்கூட.

மே 19

நேற்று எழுத விட்டுப்போனது. என் 16-இலும் அவருடைய 19-இலும் சேர்த்து பீச்சில் பட்டவை 22. நோட்டைப் புரட்டும்போதுதான் எண்ணினேன். ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 8

பீச்சைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எத்தனையோ நூறு முறை அதைத் தாண்டி நடந்திருப்பேன். நின்று பார்த்தது இன்றுதான்.

டீயைப் பார்த்த பக்கம், முழங்காலிலிருந்து தலை உயரம் வரைக்கும் பட்டையில் பிறை பிறையாக வெட்டு. சாம்பல் நிறப் பட்டை, விரலால் தட்டினால் மெல்லிய அட்டை மாதிரி. ஓக்குக்குப் போர்வை மாதிரி தடித்த பட்டை இருக்கிறது, தாங்குகிறது. பீச்சுக்கு அது இல்லை. பழைய வெட்டுகளின் ஓரம் உதடு மாதிரி தடித்து மூடியிருக்கிறது. புதியவற்றில் ஈரம் கசிந்து எறும்பு மொய்க்கிறது. மார்பு உயரத்தில் ஒரு இடத்தில் என் உள்ளங்கை அளவுக்குப் பட்டையே இல்லை, வெறும் கட்டை தெரிகிறது. அதில் நீல நிறப் பிளாஸ்டிக் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

நம் உடம்பில் காயம் ஆறுவதுபோல மரத்துக்கு ஆறாது. அடிபட்ட இடத்தைச் சுற்றி உள்ளே சுவர் கட்டி, அழுகல் பரவாமல் ஒதுக்கிவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்த்து மூடும். காயம் உள்ளே அப்படியே இருக்கும். இதை விளக்கியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மர ஆய்வாளர். ஒவ்வொரு சுவருக்கும் மரம் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. நான் மட்டும் ஒரே நாளில் எத்தனை சுவர் கட்ட வைத்தேனோ.

தலையை அண்ணாந்து பார்த்தால் உச்சியில் இரண்டு கிளை மொட்டை. ஏதோ பூஞ்சை நோய் என்று நினைக்கிறேன். வீட்டாரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

கிளையை ஒடிப்பது பற்றிக் கேட்டவருக்கு: கூடாது. எறியும் வழியில் உயிரோடு நிற்கும் கிளையை ஒடித்தாலோ வளைத்துப் பிடித்தாலோ அபராத வீச்சு உண்டு. நிற்கும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை ஒதுக்கலாம். மற்றபடி செடி கொடி எவ்வளவு குறைவாக அசையுமோ அப்படித்தான் நிற்க வேண்டும். தட்டுக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் இடம் இருக்கிறது, அதற்குள் ஒரு காலை வைக்கப் பெரும்பாலும் வழி கிடைக்கும். ஒற்றைக் கால் முட்டி போட்டும் எறியலாம்.

உண்ணி கடித்தது பற்றிக் கேட்டவருக்கு: முழுக்கால் சட்டை, சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்புறமும் அக்குளும் பாருங்கள்.

ஜூன் 22

மரம் பார்ப்பவர் ஒருவரை வீட்டார் வரவழைத்தார்கள். நானும் போய் நின்றேன். பூஞ்சை என்று நான் எழுதியது சரியில்லை.

அவர் உச்சியைப் பார்க்கவே இல்லை, முதலில் மண்ணைத்தான் பார்த்தார். நீளமான கம்பி ஒன்றைக் காட்டின் உட்பகுதியில் குத்தினார், கைப்பிடி வரை சுலபமாக இறங்கியது. பீச்சின் காலடியில் குத்தினார், நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. உடம்பு எடையை எல்லாம் போட்டும் இறங்கவில்லை.

நாம் நடந்து நடந்து இறுகிய மண். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் சல்லிவேர்கள் பெரும்பாலும் மேல் 30 சென்டிமீட்டரில்தான் இருக்குமாம். மண் இறுகினால் அதில் காற்றுக்கு இடமில்லை, மழை பெய்தால் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். வேர் மூச்சு முட்டினால் உச்சிக் கிளை முதலில் காயும். டீயிலிருந்து கூடைக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்த 1.8 மீட்டர் வாசல் வழியாகத்தான் நடக்கிறோம். ஆறு வருடமாக. தட்டு செய்ததைவிட நம் கால்கள் செய்தது அதிகம்.

இப்போது யோசித்தால், இந்தப் பேச்சு முழுக்க ஏழாவது கூடை நமக்கு நியாயமாக இருக்கிறதா என்றுதான் போய்க்கொண்டிருந்தது. இன்று அதைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை.

ஜூலை 6

முதல் திடல் எது என்று ஒருவர் கேட்டிருந்தார், பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

1975, கலிபோர்னியாவில் லா கனாடா பகுதி. டிஸ்க் கால்ஃபுக்கென்றே நிரந்தரமாக அமைந்த முதல் திடல் அது, எட் ஹெட்ரிக் அமைத்தது. பூங்காவின் அப்போதைய பெயரே ஓக் குரோவ், அதாவது ஓக் தோப்பு. ஆரம்பத்தில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. தட்டு பட்டதா இல்லையா என்ற சண்டை தீராமல், பிறகு சங்கிலி தொங்கும் கூடையை அவரே செய்து காப்புரிமை வாங்கினார். 1976-இல் பிடிஜிஏ, அதாவது தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம். 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். இதைக் கேட்டபோது பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல இடம்தான்" என்றார்.

விவசாயக் குடும்பத்து நிலத்தில் திடல் என்பது அரிதா என்று இன்னொரு கேள்வி. அரிதில்லை. மாசசூசெட்ஸின் லெஸ்டரில் இருக்கும் மேப்பிள் ஹில் திடல், கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் பண்ணையில் அமைந்தது. பெரிய தொழில்முறைப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. ஆனால் பூங்காத் திடலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பூங்காவில் நமக்கு உரிமை இருக்கிறது. இங்கே அவர்கள் சரி என்று சொல்லும் வரைக்கும்தான் எல்லாம்.

ஆகஸ்ட் 17

வேலை நாள். பதினான்கு பேர் வந்தார்கள். கேள்வி கேட்ட நண்பரும் வந்தார், அதுவும் முதல் ஆளாக, சொந்த மண்வெட்டியோடு!

செய்தது இதுதான். பழைய டீயை எடுத்துவிட்டோம். பீச்சுக்கு இடப்பக்கம் நன்றாகத் தள்ளி, மரத்தின் நிழல் விழும் எல்லைக்கு வெளியே புது டீ. அங்கிருந்து பார்த்தால் பீச் எறியும் கோட்டிலேயே வராது. 25 மீட்டரில் பாதை நடுவே ஒரு மேப்பிள், அதன் இரண்டு பக்கமும் வழி. வலக்கைக்காரர் வலப்பக்கம் விட்டு இடப்பக்கம் சாய விடலாம், இடக்கைக்காரர் அதற்கு நேர் எதிராக. தூரம் 82-இலிருந்து 88 மீட்டர் ஆகிவிட்டது.

மூன்று இளமரங்களை வெட்ட வேண்டி வந்தது, மணிக்கட்டு கனம். ஏப்ரலில் ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது என்ற நினைப்பில்தான் அவ்வளவு வேகமாக எழுதினேன். மூன்றையும் தேர்ந்தெடுத்தது பாட்டி. கைத்தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

பீச்சுக்கு மூடாக்கு போட்டோம். காட்டிலேயே விழுந்த கிளைகளை அரைத்த மரத்தூள், எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு, நிழல் விழும் வட்டம் முழுக்க. அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகிவிடும் என்று மரம் பார்ப்பவர் சொல்லியிருந்தார், அதனால் ஒரு முழம் விட்டுப் போட்டோம். இறுகிய மண்ணைக் கொத்தவும் வேண்டாம் என்றார். கொத்தினால் இருக்கிற சல்லிவேரும் போய்விடும். மூடாக்கு மக்க மக்க மண்புழு வந்து அதுவே இளக்கிவிடும், வருடக்கணக்கில் ஆகும். நடைபாதையைச் சுற்றி வளைத்து விட்டாயிற்று. யாரும் குறுக்கே போகாமல் இருக்கத் தடுப்பாகப் பழைய ஒயின் பீப்பாய்ப் பலகைகள்.

ஆகஸ்ட் 18

திராட்சை நிறம் மாற ஆரம்பித்துவிட்டது, பறவை வலை போட்டாயிற்று. பதினோராவதில் தட்டு வலையில் மாட்டினால் இழுக்காதீர்கள். வலையும் கிழியும், கொத்தும் உதிரும்.

விளையாடும்போது ஒயின் கோப்பையோடு நடப்பது பற்றி: பிடிஜிஏ அங்கீகாரப் போட்டியில் சுற்று முடிந்து மதிப்பெண் அட்டையைக் கொடுக்கும் வரை மது கையில் இருக்கவே கூடாது. போட்டி இல்லாத நாளிலும் வீட்டார் அதையே கேட்டுக்கொள்கிறார்கள். பதினெட்டும் முடித்துவிட்டு மேலே திண்ணையில் உட்கார்ந்து குடித்தால் அவர்களும் வந்து உட்காருவார்கள். எனக்கு இந்த இடத்தில் பிடித்த நேரமே அதுதான்.

செப்டம்பர் 21

அறுவடை. திடல் மூன்று வாரம் மூடல். வண்டிகள் காட்டுப் பாதை வழியாகத்தான் போகும். தயவுசெய்து "ஒரே ஒரு சுற்று" என்று கேட்டு யாரும் தொந்தரவு செய்யாதீர்கள். பறிக்க ஆள் வேண்டுமாம், விருப்பம் உள்ளவர்கள் காலை ஆறு மணிக்குப் போகலாம். நான் இரண்டு நாள் போனேன். கத்தரிக்கோல் பிடித்து விரலெல்லாம் பிசுபிசுப்பு, தேனீ சுற்றிச் சுற்றி வருகிறது.

அக்டோபர் 19

புது டீயிலிருந்து முதல் சுற்று. இடக்கை நண்பர் மேப்பிளுக்கு இடப்பக்கமாக விட்டார். தட்டு இலைகளுக்கு நடுவில் மெதுவாக வலப்பக்கம் சாய்ந்து, கூடைக்கு நாலு மீட்டரில் இறங்கியது. ஏழாவதில் அவருக்கு ஆறு வருடத்தில் முதல் பேர்டி (கூடைக்கு நிர்ணயித்த வீச்சைவிட ஒன்று குறைவு). சங்கிலிச் சத்தம் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி கேட்ட நண்பர் நேராக மேப்பிளில் அடித்தார். தட்டு காலடிக்கே திரும்பி வந்தது. "இது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்தார்.

மேப்பிளில் இப்போதே தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிவிட்டோம், மார்பு உயரம் வரைக்கும். வருடா வருடம் அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே மரத்தை இறுக்கிவிடும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19, அடுத்த வருடம்

பீச் எப்படி இருக்கிறது என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இன்று போனேன். போன வருடத்து உலர்ந்த இலைகள் கீழ்க்கிளைகளில் இன்னும் உதிராமல் தொங்குகின்றன, பீச்சுக்கு அது வழக்கம். மொட்டுகள் கதிர் மாதிரி நீண்டு கூராக இருக்கின்றன, இரண்டு மூன்று பிரிய ஆரம்பித்துவிட்டன. உச்சியில் காய்ந்த இரண்டு கிளை காய்ந்தபடியேதான் இருக்கிறது. மூன்றாவது கிளை எதுவும் காயவில்லை.

மூடாக்கை விலக்கிக் கம்பியால் குத்திப் பார்த்தேன். ஆறு விரற்கடை இறங்கியது. மறுபடி மூடிவிட்டு வந்தேன்.